ஒரே சனிக்கிழமை, ரெண்டு சாம்பியன்கள்: இந்தியாவோட ஆகப்பெரிய விளையாட்டு வீரர் யார்?

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வி அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையிலயும் வரும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் வரும். இந்தியாவோட ஆகப்பெரிய விளையாட்டு வீரர் யாரு? கிரிக்கெட்ல யாருன்னு கேட்கலை. ஹாக்கி, டென்னிஸ், ஓட்டம், செஸ்னு எல்லாத்தையும் ஒரே தராசுல வெச்சா யாரு? பொதுவா இந்தப் பேச்சு ரெண்டு நிமிஷத்துல "சச்சினா, கோலியா"ன்னு மாறிடும். இன்னைக்கு அப்படி மாற விடப் போறதில்லை.

ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கலாம். 2013 நவம்பர் 16, சனிக்கிழமை.

அன்னைக்கு மும்பை வான்கடே மைதானத்துல சச்சின் டெண்டுல்கர் தன்னோட 200-வது டெஸ்ட்டை முடிச்சுட்டு விடைபெற்றார். பேசினார், கூட்டம் அழுதது, பிட்ச்சைத் தொட்டுக் கும்பிட்டார். அன்னைக்கே அவருக்கு பாரத ரத்னா அறிவிச்சாங்க. அந்த விருதை வாங்கின முதல் விளையாட்டு வீரர் அவர்தான்.

அதே நாள் சென்னையில ஒரு நட்சத்திர ஹோட்டல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி விஸ்வநாதன் ஆனந்த் உட்கார்ந்திருந்தார். எதிர்ல நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன், வயசு 22. உலக சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டம். ஆனந்த் தோற்றார். முந்தின நாள் 5-வது ஆட்டத்துலயும் தோல்விதான். அடுத்த ஆறு நாள்ல 6.5-க்கு 3.5-னு பட்டமே கைவிட்டுப் போச்சு. சொந்த ஊர்ல, சொந்த ஜனங்க பார்த்துக்கிட்டிருக்கும்போது.

நாடு முழுக்க எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்ததுன்னு சொல்லத் தேவையில்லை. ஆனா அந்தச் சென்னை அரங்கத்துல பார்வையாளர் பக்கம் ஒரு 7 வயசுப் பையன் இருந்தான். அவனைப் பத்தி பின்னாடி சொல்றேன். இந்த எபிசோடோட தீர்ப்பு அவன்கிட்டதான் இருக்கு.

இது வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை

"யாரா இருந்தா என்ன, எல்லாரும் பெரிய ஆளுங்கதானே"ன்னு சிலர் சொல்வாங்க. நியாயம்தான். ஆனா அரசாங்கம் அப்படிச் சும்மா இருக்கிறதில்லையே. யார் பெரியவர்னு அது தீர்மானிச்சுக்கிட்டேதான் இருக்கு.

பாரத ரத்னா தொடங்கினது 1954-ல. கலை, இலக்கியம், அறிவியல், பொதுச் சேவைதான் அதுக்கான துறைகள். விளையாட்டு அந்தப் பட்டியல்லயே இல்லை. 2011 நவம்பர்ல விதியை மாத்தி, மனித முயற்சியின் எந்தத் துறைக்கும் தரலாம்னு ஆக்கினாங்க. கதவு திறந்ததும் ரெண்டு பேர் முன்னாடி நின்னாங்க. ஒருத்தர் சச்சின். இன்னொருத்தர் 1979-லயே இறந்துபோன தயான் சந்த். சச்சினுக்குக் கிடைச்சது. தயான் சந்துக்கு இன்னும் கிடைக்கலை. அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐ தேசிய விளையாட்டு தினமாக் கொண்டாடுறோம். கேல் ரத்னா விருதுக்கு 2021-ல அவர் பேரை வெச்சாச்சு. ஆனா அந்த ஒரு விருது மட்டும் தரலை.

சரி, அந்த கேல் ரத்னாவை 1991-92-க்காக முதன்முதல்ல வாங்கினது யாருன்னு தெரியுமா? ஆனந்த். கபில் தேவும் இல்லை, சச்சினும் இல்லை.

இதுல ஒரு நடைமுறை விஷயமும் இருக்கு. நம்ம பக்கத்துல எத்தனையோ வீடுகள்ல விளையாட்டுன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஐ.சி.எஃப்., ரயில்வே, பேங்க், போலீஸ்னு ஒரு வேலை. எந்த விளையாட்டு "பெரிய விளையாட்டு"ன்னு நாடு நினைக்குதோ, அதுக்குத்தான் கோட்டா, மைதானம், ஸ்பான்சர் எல்லாம் வரும். இந்த விவாதத்துல ஒரு விளையாட்டோட பேரே வரலைன்னா, அதை ஆடுற பசங்களுக்கு அது ஒரு நஷ்டம்.

மத்த நாடுகள் எப்படி முடிவு பண்ணினாங்க?

அமெரிக்காவைப் பாருங்க. 1999-ல நூற்றாண்டு முடியப் போகுதுன்னு எல்லாரும் பட்டியல் போட்டாங்க. ஈ.எஸ்.பி.என். முதலிடத்துல வெச்சது மைக்கேல் ஜோர்டனை. முகமது அலி அதுல மூணாவது. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை நூற்றாண்டின் வீரர்னு சொன்னது முகமது அலியை. ஒரே நாடு, ஒரே வருஷம், ரெண்டு பதில். ஏன்னா கேள்வியே ரெண்டு. விளையாட்டுக்குள்ள யார் பெரியவர்? விளையாட்டைத் தாண்டி யார் பெரியவர்? வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு சொல்லி, பட்டத்தையும் நல்ல வயசுல மூணு வருஷத்துக்கு மேலயும் இழந்தவர் அலி. அதை நாக்-அவுட் கணக்குல சேர்க்க முடியாது. ஆனா சேர்க்காம இருக்கவும் முடியலை.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தக் குழப்பம் கம்மி. டான் பிராட்மேனோட டெஸ்ட் சராசரி 99.94. சார்ல்ஸ் டேவிஸ்னு ஒரு ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் ஒரு நல்ல யோசனை பண்ணினார். ரன்னையும் கோலையும் நேரா ஒப்பிட முடியாது. ஆனா ஒரு வீரர் தன் விளையாட்டோட சராசரி ஆட்டக்காரரைவிட எவ்வளவு தூரம் விலகி மேல நிக்கிறார்னு அளக்கலாம். அந்த விலகலை ஒப்பிடலாம். பிராட்மேனுக்கு 4.4 வந்தது. அடுத்து பெலே, 3.7. ஜோர்டன் 3.4. அதாவது பெலே ஃபுட்பால்ல நின்ன உயரத்தைவிட பிராட்மேன் கிரிக்கெட்ல நின்ன உயரம் அதிகம்.

இலங்கைக்கு வந்தா கதை நமக்கு இன்னும் நெருக்கம். கண்டியில பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன், 800 டெஸ்ட் விக்கெட். 2010-ல காலியில, தன் கடைசி டெஸ்ட்டோட கடைசி விக்கெட்டா அந்த 800-ஐ எடுத்தார். இன்னொரு பக்கம் டங்கன் வைட், 1948 லண்டன் ஒலிம்பிக்ல 400 மீட்டர் தடை ஓட்டத்துல வெள்ளி. அப்புறம் 52 வருஷம் அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2000 சிட்னியில சுசந்திகா ஜெயசிங்க 200 மீட்டர்ல வெண்கலம் வாங்கினார். மேல இருந்தவர் ஊக்கமருந்து விஷயத்துல சிக்கினதால அது பின்னாடி வெள்ளியாச்சு. பெரும்பாலானவங்க முரளின்னுதான் சொல்வாங்க, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா உலகமே ஓடுற பந்தயத்துல ரெண்டாவதா வர்றதுக்கும், பத்து நாடு ஆடுற ஆட்டத்துல முதலா வர்றதுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்காம அதைச் சொல்லக் கூடாது.

மூணு அளவுகோல்

இதையெல்லாம் வெச்சு நான் மூணு கேள்வி எடுத்துக்கிறேன். ஒண்ணு, தன் காலத்து ஆட்டக்காரர்களைவிட எவ்வளவு உயரத்துல இருந்தார்? ரெண்டு, எதிர்ல இருந்த போட்டி எவ்வளவு ஆழம்? மூணு, அவர் வந்ததால பின்னாடி என்ன மாறிச்சு?

பதக்கத்தை மட்டும் எண்ண வேண்டாம்னு நினைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 1960 ரோம்ல மில்கா சிங் 400 மீட்டர்ல நாலாவது. அன்னைக்குக் கைக்கடிகாரக் கணக்குல 0.1 வினாடியில வெண்கலம் போச்சு. 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்துல நாலாவது. வித்தியாசம் 0.01 வினாடி. பதக்கக் கணக்குல ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான். ஆனா யாராவது அப்படி நினைக்கிறோமா?

தயான் சந்த்: தராசின் ஒரு தட்டு

முதல் கேள்வியில தயான் சந்தை அசைக்க முடியாது. 1928 ஆம்ஸ்டர்டாம்ல அஞ்சு ஆட்டத்துல 14 கோல். இந்திய அணி மொத்தம் 29 கோல் போட்டது, ஒண்ணு கூட வாங்கலை. 1932 லாஸ் ஏஞ்சலஸ்ல அமெரிக்காவை 24-1. அதுல தம்பி ரூப் சிங் 10, அண்ணன் 8. 1936 பெர்லின்ல அவரே கேப்டன். இறுதிப் போட்டியில ஜெர்மனியை அவங்க ஊர்லயே 8-1.

இவ்வளவையும் பண்ணினப்போ நமக்குன்னு ஒரு நாடு இல்லை. பிரிட்டிஷ் இந்தியாங்கிற பேர்ல ஆடினார், ராணுவத்துல சிப்பாயா சேர்ந்தவர். அவரோட சுயசரிதை 'கோல்' 1952-ல வந்தப்போ, அதை வெளியிட்டது நம்ம மெட்ராஸ்ல இருந்து வந்துக்கிட்டிருந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் பத்திரிகைதான்.

ரெண்டாவது கேள்வியில கொஞ்சம் தடுக்குது. 1932-ல ஹாக்கிக்கு வந்ததே மூணு அணி: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா தங்கம். 1908-லயும் 1920-லயும் தங்கம் வாங்கின பிரிட்டன், 1928, 1932, 1936 மூணுலயும் வரலை. வராதது தயான் சந்தோட குத்தம் இல்லை. 1948-ல சுதந்திர இந்தியா அதே பிரிட்டனை வெம்பிளியில 4-0-னு அடிச்சதைப் பார்த்தா, வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காதுன்னுதான் தோணுது. ஆனா தோணுறதும் நடந்ததும் ஒண்ணு இல்லை. 1940, 1944 ஒலிம்பிக் ரெண்டும் போர்ல போச்சு. அவருக்கு முழு அளவு பரீட்சை வைக்க வரலாறு விடலை.

மூணாவது கேள்வி? அவர் தொடங்கி வெச்ச காலத்துல இந்தியா ஹாக்கியில எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிச்சு. கடைசித் தங்கம் 1980 மாஸ்கோ. அந்த அணியோட கேப்டன் நம்ம வாசுதேவன் பாஸ்கரன். அதுக்கு முன்னாடியே புல் தரை போய் செயற்கைத் தரை வந்துடுச்சு. அது போடக் காசு வேணும், நம்மகிட்ட மைதானம் இல்லை. பரம்பரை அங்க அறுந்துச்சு. மறுபடி ஒரு வெண்கலம் பார்க்க 2021 டோக்கியோ வரைக்கும் காத்திருந்தோம்.

சச்சின்: 24 வருஷத்துப் பாரம்

சச்சினுக்கு எதிரா பேசினா எனக்கு மெசேஜ் குவியும்னு தெரியும். பேசுறேன்.

100 சர்வதேச சதம். டெஸ்ட்ல 15,921 ரன், ஒருநாள்ல 18,426. 16 வயசுல ஆரம்பிச்சு 40 வயசு வரைக்கும், கோடிக்கணக்கான பேரோட எதிர்பார்ப்பைச் சுமந்துக்கிட்டு. அந்தப் பாரத்தை எந்தப் புள்ளிவிவரமும் அளக்காது.

ஆனா பிராட்மேன் கணக்கை இங்க போட்டுப் பாருங்க. சச்சினோட டெஸ்ட் சராசரி 53.78. அதே காலத்துல ஜாக் காலிஸ் 55.37, பிரையன் லாரா 52.88, ராகுல் டிராவிட் 52.31. சச்சின் ஒரு மலைத்தொடரோட உச்சி. தனியா நிக்கிற மலை இல்லை. டெஸ்ட் ஆடின நாடுகளும் அவர் காலத்துல பத்துக்கு மேல போகலை. விளையாட்டைத் தாண்டின பெருமையில அவர் முதலிடம்னா ஒத்துக்கிறேன். விளையாட்டுக்குள்ள மட்டும் பார்த்தா எனக்குச் சந்தேகம் இருக்கு.

ஆனந்த்: எதுவும் இல்லாத இடத்துல இருந்து

1969-ல மயிலாடுதுறையில பிறந்தவர். அம்மா சுசீலா செஸ் சொல்லிக்கொடுத்தாங்க. சென்னையில சோவியத் கலாச்சார மையத்துல இருந்த தால் செஸ் கிளப்தான் பட்டறை. அவருக்கு முன்னாடி நம்மகிட்ட யாருமே இல்லைன்னு சொல்றது தப்பு. மேனுவல் ஆரன் 1961-லயே இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், சென்னைக்காரர். ஆனா அதுக்கு மேல ஏணி இல்லை. 1988-ல ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனார், இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர்.

எதிர்ல இருந்தது யாரு? 1948-ல இருந்து 2000 வரைக்கும் உலகப் பட்டம் சோவியத், ரஷ்ய ஆட்டக்காரர்கள்கிட்டயேதான் இருந்துச்சு. நடுவுல மூணு வருஷம் அமெரிக்காவின் பாபி ஃபிஷர், அவ்வளவுதான். அரசாங்கமே பள்ளிக்கூடம் நடத்தி, பயிற்சியாளர் படை வெச்சு உருவாக்கின சாம்ராஜ்யம் அது. அதை உடைச்சு 2000-ல ஒரு பட்டம். அது நாக்-அவுட் முறை. 2007-ல மெக்சிகோவுல எட்டு பேர் மோதின தொடர்ல ஒரு பட்டம். 2008-ல கிராம்னிக், 2010-ல டோபலோவ், 2012-ல கெல்ஃபாண்ட், இந்த மூணு பேரையும் நேருக்கு நேர் மோதி ஜெயிச்சார். நாக்-அவுட், தொடர், நேரடி மோதல்னு மூணு வடிவத்துலயும் உலகப் பட்டம் வாங்கினவர் அவர்.

"சார், செஸ் ஒரு விளையாட்டா?" இந்தக் கேள்வி வராம இருக்காது. உடம்புதான் அளவுகோல்னு நீங்க வெச்சா, ஆனந்தை எடுத்துட்டு தயான் சந்தையோ நீரஜ் சோப்ராவையோ வைங்க, நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி செஸ் சம்மேளனத்தை 1999-லயே அங்கீகரிச்சாச்சு. நம்ம நாடு முதல் கேல் ரத்னாவைக் கொடுத்ததே ஒரு செஸ் வீரருக்குத்தான். இப்போ வந்து கேட்டா எப்படி?

மூணாவது கேள்விக்கு பதில் சென்னையோட மேற்குப் பக்கம்

இப்போ அந்த 7 வயசுப் பையனுக்கு வரலாம். பேர் குகேஷ். 2013-லதான் செஸ் கத்துக்க ஆரம்பிச்சிருந்தான். அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து ஆனந்த்-கார்ல்சன் ஆட்டத்தைப் பார்த்தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல சீனாவின் டிங் லிரெனை 7.5-க்கு 6.5-னு ஜெயிச்சு, 18 வயசுல உலக சாம்பியன் ஆனார்.

குகேஷ் படிச்சது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயா. பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் பாடிக்காரங்க. லூகாஸ் டி.வி.எஸ். இருக்கிற அதே பாடிதான். உலகத்துலயே ரெண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் அக்கா-தம்பி ஜோடி இவங்க. பிரக்ஞானந்தா படிச்சதும் வேலம்மாள்தான், முகப்பேர்ல. 2023-ல பாகு உலகக் கோப்பையில இறுதி வரைக்கும் போய் கார்ல்சன்கிட்ட தோற்றப்போ அவனுக்கு வயசு 18.

வரைபடத்தை விரிச்சுப் பாருங்க. பாடி, முகப்பேர், அயனம்பாக்கம், எல்லாம் ஒரு ஷேர் ஆட்டோ தூரம். ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டோட லேத் பட்டறை, இன்னொரு பக்கம் ஆவடியோட டேங்க் ஃபேக்டரி. பெரிய கிளப் கிடையாது, ஜிம்கானா கிடையாது. ஃபேக்டரிக்கும் பேங்குக்கும் வேலைக்குப் போற நடுத்தரக் குடும்பங்களோட ஏரியா. 1988-ல இந்தியா முழுக்க ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர். இன்னைக்கு 80-ஐத் தாண்டியாச்சு, அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தமிழ்நாடு. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட்ல ஆண்கள் இருந்த ஓப்பன் அணிக்கும் தங்கம், பெண்கள் அணிக்கும் தங்கம்.

இது முழுக்க ஆனந்த் ஒருத்தரோட சாதனை இல்லை. ஆர்.பி. ரமேஷ், விஷ்ணு பிரசன்னா மாதிரி பயிற்சியாளர்கள் இருக்காங்க. அட்டெண்டன்ஸ் விஷயத்துல விட்டுக்கொடுத்த பள்ளிக்கூடம் இருக்கு. பையன்கூட ஊர் ஊராப் போறதுக்காக டாக்டர் தொழிலை நிறுத்தி வெச்ச குகேஷோட அப்பா இருக்கார். ஆனா ஒரு டாக்டர் வீடே தொழிலை நிறுத்தணும்னா, பட்டரவாக்கத்துல ஷிஃப்ட் வேலைக்குப் போற அப்பா என்ன பண்ணுவார்? அந்த வீட்டுல இருக்கிற குகேஷை நாம இன்னும் பார்க்கலை. ஆனந்த் ஏணி போட்டார். அதுல ஏறக் காசு வேணுங்கிறது இன்னும் மாறலை.

பட்டியல்ல வராதவங்க

இதே சென்னையில மரிய இருதயம்னு ஒருத்தர். 1991, 1995 ரெண்டு தடவை கேரம் உலக சாம்பியன். ஒன்பது தடவை தேசிய சாம்பியன். கேரமுக்கு முதல் அர்ஜுனா விருது 1996-ல அவருக்குத்தான். நம்ம ஏரியாவுல செஸ் போர்டு இல்லாத வீடு இருக்கலாம், கேரம் போர்டு இல்லாத தெரு இருக்காது. ஆனாலும் இந்த விவாதத்துல அவர் பேர் வராது. கேரம் ஒலிம்பிக்ல இல்லை, அவ்வளவுதான் காரணம்.

மாரியப்பன் தங்கவேலு, சேலம் மாவட்டத்துக்காரர். 2016 ரியோவுல தங்கம், டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். மூணு பாராலிம்பிக்ல வரிசையா பதக்கம். பெண்கள்ல ஆறு தடவை உலக சாம்பியன் மேரி கோம், ரெண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கின சிந்து. "வீரர்"னு சொன்னா நம்ம மனசுல வர்ற முகம் எல்லாமே ஆம்பளை முகமாவே இருக்கு பாருங்க. அது விளையாட்டோட கோளாறு இல்லை, நம்ம நினைப்போட கோளாறு.

என் தீர்ப்பு

தன் காலத்தைவிட எவ்வளவு உயரம்னு மட்டும் கேட்டா, தயான் சந்த். நாட்டு மனசுல எவ்வளவு இடம்னு கேட்டா, சச்சின். மூணு கேள்வியையும் சேர்த்துக் கேட்டா, என் ஓட்டு ஆனந்துக்கு. எதிர்ல ஒரு சாம்ராஜ்யம், பின்னால ஒண்ணுமில்லை, அவருக்கப்புறம் பாடியில இருந்தும் அயனம்பாக்கத்துல இருந்தும் ஆள் வருது. தோத்துப்போன ஆட்டத்தைப் பார்த்த ஒரு குழந்தைகூட அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கு. வேற எந்த இந்திய வீரருக்கும் இப்படி ஒரு சாட்சி இருக்கிறதா எனக்குத் தெரியலை.

என் மனசை மாத்தக்கூடிய ஆள் ஒருத்தர் இருக்கார். நீரஜ் சோப்ரா. 2021-ல டோக்கியோவுல தங்கம், 2023-ல உலக சாம்பியன், 2024-ல பாரிஸ்ல வெள்ளி. உலகமே போட்டி போடுற தடகளத்துல இது சாதாரணம் இல்லை. இன்னும் பத்து வருஷத்துல ஆவடியிலயோ பூந்தமல்லியிலயோ ஒரு பொண்ணு ஈட்டியைத் தூக்கிட்டு மைதானத்துக்குப் போனா, அதுக்கு முதல்ல அங்க ஒரு மைதானம் இருந்தா, இந்த எபிசோடை நான் மறுபடி ரெக்கார்ட் பண்றேன்.

உங்க ஓட்டு யாருக்குன்னு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. ஒரே ஒரு கண்டிஷன்: பேர் மட்டும் சொன்னா போதாது, எந்த அளவுகோல்னும் சொல்லணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.